கழுவக் காத்திருந்த புகை

தொட்டிக்கல் ஊரில் ஒரு புகை மூன்றரை மாதம் தங்கியிருந்தது. வந்த விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்துவிட்டால் ஓர் ஊர் என்ன செய்யுமோ அதையேதான் தொட்டிக்கல்லும் செய்தது: முதல் நாள் அதைப் பார்த்து யோசித்தது, இரண்டாம் நாள் முணுமுணுத்தது, மூன்றாம் நாள் அதற்கு ஒரு வேலையைக் கொடுத்தது.

புகைக்குச் சொந்தக்காரர் தீர்த்தகிரி. தர்மபுரிப் பக்கம், காடு முடிந்து கடலைக் கொல்லை தொடங்கும் இடத்தில் அவருக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலமும், அந்த நிலத்தைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காக்க ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் இருந்தன. ‘பயிர்ப் பாதுகாப்புக்கு மட்டும்’ என்று அதன் உரிமத்தில் எழுதியிருக்கும். வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடியும் நாரை அடைத்து, இடிகம்பியால் குத்தி இறுக்கி, பின்பக்கத்து மூக்கில் ‘கேப்’ என்கிற சின்ன வெடிமூடியை மாட்டி, அதைத் தட்டுகிற குதிரையை இழுத்துவிட்டுச் சுடுகிற வகை. ஒரு வெடிக்கு இத்தனை வேலை. வெடித்த பிறகு இதைப்போல் இரண்டு பங்கு வேலை. ஏனென்றால் கருமருந்து எரிந்து குழலுக்குள் தங்குகிற கரி சாதாரணக் கரி அல்ல, உப்புக் குணம் கொண்டது. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக் குடிக்கும், குடித்துவிட்டு இரும்பைத் தின்னும். “கழுவாத துப்பாக்கிக்கு தாகம் எடுக்கும்” என்பார் தீர்த்தகிரி, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

முப்பத்தொரு வருஷமாக ஒரு வெடிகூடக் கழுவாமல் விட்டதில்லை அவர். சுட்ட கையோடு வீட்டுக்கு வந்து, அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற வரைக்கும் யாரோடும் பேசாமல் இருந்து, குழலின் வாயில் புனல் வைத்து ஊற்றுவார். முதல் தண்ணீர் பின்மூக்கு வழியாக மையைப்போலக் கறுப்பாக வரும். இரண்டாம் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். மூன்றாவது, உள்ளே போன நிறத்திலேயே திரும்பி வரவேண்டும். வராவிட்டால் மூன்றாவதை இரண்டாவதாக வைத்துக்கொண்டு மறுபடி கொதிக்க வைப்பார். அதன் பிறகு பழைய வேட்டியில் கிழித்த சதுரத் துணியை இடிகம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்து, சூட்டிலேயே ஈரம் காய்ந்ததா என்று குழலின் வாயில் கன்னத்தை வைத்துப் பார்த்து, கடைசியாகத் தேங்காயெண்ணெய் தடவுவார். மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த காலையில் பன்றி வந்துவிட்டதால், மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் மூன்றாம் தண்ணீர் முடிகிறவரை தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“மூணாந் தண்ணியில சோறே ஆக்கலாம், அவ்வளவு சுத்தம்” என்று அன்றைக்கு அவர் சம்பந்தியிடம் பெருமையாகச் சொல்ல, மனைவி மங்கம்மாள் உள்ளேயிருந்து, “ஆக்கிப் போடறன், நீயே தின்னு” என்றாள்.

அந்த வருஷம் பங்குனியில் தேர்தல் தேதி அறிவித்தார்கள். தேர்தல் என்றால் உரிமத் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். கடலை முற்றுகிற நேரம், பன்றிகளுக்குத் தேர்தல் தேதி தெரியாது. அதனால் தீர்த்தகிரி கெடுவின் கடைசி நாள் வரைக்கும் இழுத்தார். கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு ஏட்டு குணசீலன் பைக்கில் நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார்.

“தீர்த்தகிரிண்ணா, உங்க ஒருத்தருதுதான் பாக்கி. அஞ்சு மணிக்கு லிஸ்ட் மேல போகணும். குடுங்க.”

“குடுக்கறன். உள்ள மருந்து இருக்குது ஏட்டய்யா, முந்தாநேத்து போட்டது.”

“மருந்தோட வாங்கினா என் வேலை போயிடும். காலி பண்ணுங்க.”

வாய் வழியாகப் போட்டதை வாய் வழியாகவே எடுக்க ஒரு திருகு கம்பி உண்டு, அதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். இல்லாவிட்டால் சுட்டுவிட வேண்டும். தீர்த்தகிரி வரப்பின்மேல் நின்று, பக்கத்து நிலத்துக்கு மேலே வானத்தைப் பார்த்துச் சுட்டார். வெள்ளைப் புகை தலையணை பிதுங்கியதுபோல வெளியே வந்து நின்றது. அது கலைவதற்குள் ஏட்டு துப்பாக்கியை வாங்கிச் சாக்கில் சுற்றிவிட்டார்.

“ஏட்டய்யா, ஒரு குடம் வெந்நி. ஒரே குடம். அரைமணி நேரம்.”

“மணி நாலேகால் ஆச்சுண்ணா. ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கும், ஒண்ணும் ஆகாது.”

“பத்திரமாத்தான் இருக்கும். தாகத்தோட இருக்கும்.”

ஏட்டுக்கு அது புரியவில்லை. அவர் பைக் போய்விட்டது. தீர்த்தகிரி வீட்டுக்கு வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் புகை அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஆளுயரத்துக்கு மேலே, படுத்த எருமை அளவில், வரப்பைத் தாண்டிப் பக்கத்து நிலத்தின்மேல் அசையாமல் நின்றது. காற்று அடித்தபோது கொஞ்சம் சாய்ந்துகொடுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்துகொண்டது. அதற்கு அடியில் மண் ஈரமாக இருந்தது.

அந்தப் பக்கத்து நிலம் மாதையனுடையது. ஓர் அடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எல்லைக்கல் விஷயத்தில் ஏற்பட்ட சண்டையில் தீர்த்தகிரியும் மாதையனும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை, அதாவது நேராகப் பேசிக்கொள்வதில்லை. மாதையனுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் தன் கறவை மாட்டிடம் சொல்வார். தீர்த்தகிரி பதிலை வரப்போரத்து வேப்பமரத்திடம் சொல்வார். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

“ஏ லட்சுமி, நம்ம கொல்லைமேல எவனோ புகைய விட்டுட்டுப் போயிருக்கான் பாரு, எடுத்துக்கச் சொல்லு” என்றார் மாதையன்.

“புகைய எப்படி எடுக்கறதுன்னு அந்தாளு மாட்டுக்குத் தெரிஞ்சா சொல்லச் சொல்லு” என்றார் தீர்த்தகிரி, மரத்திடம்.

மூன்றாம் நாள் மாடு லட்சுமியே முடிவெடுத்து, புகையின் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்து மற்ற மாடுகளும் வந்தன. மாடு மேய்த்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுவந்த பெண்கள், இவ்வளவு நல்ல நிழலை ஆண்களுக்கும் மாடுகளுக்கும் விட்டுவைப்பதா என்று புளி தட்டுகிற வேலையை அங்கே கொண்டுவந்தார்கள். ஒரு வாரத்தில் ஊரில் பாதிப்பேருக்குப் பகல் வீடு அதுதான் என்று ஆனது. இரவெல்லாம் புகை காற்றின் ஈரத்தைக் குடித்தது, விடியும்போது கூரை ஒழுகுவதுபோலச் சொட்டியது, சொட்டிய அளவைவிட அதிகமாகக் குடித்ததால் நாளுக்கு நாள் பெருத்தது. சித்திரை பிறந்தபோது அதன் நிழல் நாற்பது சென்ட்; சித்திரை முடிந்தபோது எண்பது.

அந்தப் புகைக்கு வெடி மருந்தின் வாசனை இருந்தது. ஆகவே அதன் கீழே எப்போதும் தீபாவளிக் காலையாக இருந்தது. பிள்ளைகள் அதற்குள் வந்ததும் காரணமில்லாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். மாமியார் வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளைகள் அதன் கீழே நின்றால் முறுக்கிக்கொண்டு, புது வேட்டி எங்கே என்பதுபோலப் பார்த்தார்கள். கடலைக்குப் பன்றிகள் வந்தன. காட்டின் ஓரத்தில் நின்று மூக்கைத் தூக்கி முகர்ந்தன. இங்கே இன்னும் யாரோ சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று முடிவு செய்து திரும்பிப் போய்விட்டன. துப்பாக்கி இருந்த முப்பத்தொரு வருஷத்தில் கிடைக்காத விளைச்சல் தீர்த்தகிரிக்குத் துப்பாக்கி இல்லாத அந்த வருஷம் கிடைத்தது. அவருக்கு அதில் சந்தோஷம் இருந்தது, மானமும் கொஞ்சம் போனது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஜெசிந்தா வந்து, பயிர், மரம், கிணறு என்று பதிவேட்டில் இருந்த எல்லா வரிசையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘இதர’ என்ற இடத்தில் எழுதினார்.

“மேடம், அது யாரு பேர்ல?” என்று கேட்டாள் மங்கம்மாள்.

“புகை உங்க வீட்டுக்காரருது. நிழல் மாதையனுது. சொட்டற தண்ணி சர்க்காருது. இதுல ஆட்சேபணை இருந்தா முப்பது நாளைக்குள்ள எழுதிக் குடுங்க.”

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்னால், புகை கிழக்கிலிருந்து பார்த்தால் ஒரு சுயேச்சை வேட்பாளரின் பூசணிக்காய்ச் சின்னம்போலத் தெரிகிறது என்று புகார் போனது. பறக்கும் படை வந்தது. சின்னம் என்றால் மறைக்க வேண்டும் என்பது விதி. எட்டுப் பேர் மூங்கில் கழிகளால் தார்ப்பாயைத் தூக்கிப் புகையின்மேல் போர்த்தினார்கள். காலையில் புகை தார்ப்பாய்க்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது, தார்ப்பாயில் நிறைய தண்ணீர் தேங்கியிருந்தது, அதில் இரண்டு எருமைகள் வாய் வைத்துக்கொண்டிருந்தன. பறக்கும் படை ‘மறைக்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு பறந்தது.

இத்தனைக்கும் நடுவில் மாதையன் ஒரு காரியம் செய்தார். கிணறு வற்றிப்போய் மூன்று கோடையாகத் தரிசாகக் கிடந்த அந்த எண்பது சென்ட்டில், விடியற்காலைச் சொட்டை நம்பித் தக்காளி நட்டார்.

தீர்த்தகிரி அதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவராக, செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு சின்ன பாட்டிலில் தேங்காயெண்ணெயும் மடியில் சதுரத் துணியுமாக ஸ்டேஷனுக்குப் போய்வந்தார். துப்பாக்கிகள் இருந்த அறையின் ஜன்னல் கம்பி வழியாகத் தன்னுடையதைத் தேடிப் பார்ப்பார். மூன்றாவது செவ்வாய் குழலின் வாயில் மஞ்சள் பூத்திருந்தது. ஐந்தாவது செவ்வாய் அது செங்கல் நிறம்.

“கழுவ வேணாம் ஏட்டய்யா, வெளியில மட்டும் துடைங்க. நான் தொடல, நீங்களே துடைங்க.”

ஏட்டு குணசீலன் இளகிய மனசுக்காரர். உள்ளே போய், எண்ணெய்த் துணியால் குழலின் வெளிப்பக்கம் ஒரு தடவு தடவினார். அப்போது மணி பதினொன்றரை. தீர்த்தகிரி ஊர் திரும்பியபோது புளி தட்டுகிற பெண்களில் ஓரத்தில் இருந்தவர்களெல்லாம் பாயைத் தூக்கி உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பதினொண்ணரை இருக்கும்ணா” என்றாள் ஒருத்தி, அவர் கேட்பதற்கு முன்பே. “சுத்தியும் ரெண்டு முழம் அப்படியே கரைஞ்சு போச்சு. லட்சுமியோட வாலு வெயில்ல கெடக்குது பாருங்க.”

தீர்த்தகிரி வாலைப் பார்த்தார். அதன் பிறகு புகையை அண்ணாந்து பார்த்தார். முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு வெடிக்கும் ஒரு புகை எழுந்து, அவர் கழுவி முடிக்கிற வரை எங்கோ தலைக்கு மேலே நின்றிருந்து, மூன்றாம் தண்ணீர் விழுந்ததும் விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறது. கழுவுகிற மும்முரத்தில் ஒருநாளும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்தப் புகை மட்டும் போகச் சொல்ல ஆளில்லாமல் நிற்கிறது. அது மரியாதை தெரிந்த புகை.

இதை அவர் மங்கம்மாளிடம் மட்டும் சொன்னார். மங்கம்மாள் தண்ணீர்க் குழாயடியில் மட்டும் சொன்னாள். ஆக, ஓட்டு எண்ணி முடிந்து ஒரு வாரம் கழித்து, ஏட்டு பைக்கில் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கியபோது, அதைக் கழுவினால் புகை போய்விடும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

தீர்த்தகிரி வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். இடிகம்பியை உள்ளே விட்டார். பாதியில் கரகரவென்று சிக்கியது. வெளியே இழுத்தபோது நுனியில் இரும்புச் செதில் ஒட்டியிருந்தது, மீன் செதில்போல. ஏட்டு வேறு ஒரு காகிதம் கொடுத்திருந்தார்: ஆனி இருபத்திரண்டாம் தேதி தாலுகா ஆபீஸில் உரிமப் புதுப்பிப்பு, துப்பாக்கியை நேரில் காட்ட வேண்டும், வேலைக்கு ஆகாத துப்பாக்கிக்கு உரிமம் கிடையாது. இன்றைக்கு ஆனி ஒன்று. இன்றைக்குக் கழுவினால் குழல் பிழைக்கும். தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது.

அடுப்பில் தண்ணீர் தளதளத்தது. மங்கம்மாள் பானையைத் துணி பிடித்துத் தூக்கி வந்து வைத்தாள். அவர் புனலைக் குழலின் வாயில் பொருத்தினார்.

அப்போது தெருமுனையில் மாதையன் வந்தார். தனியாக வரவில்லை, அரை மைல் தூரம் லட்சுமியையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டு முன்னால் வந்து நின்று, மாட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“லட்சுமி, தக்காளி இப்பத்தான் காய் புடிச்சிருக்குது. இன்னும் இருவது நாளு. அந்த இருவது நாளைக்குச் சொட்டு இல்லன்னா செடி அப்படியே காஞ்சிடும்னு இங்க யாராவது இருந்தா சொல்லு.”

தீர்த்தகிரி அக்கம்பக்கம் பார்த்தார். அவர் வீட்டில் வேப்பமரம் இல்லை. முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

“இருவது நாள்ல இந்தக் குழல் மண்ணாப் போயிடும். குழல் போனா உரிமம் போயிடும். அடுத்த வருசம் பன்னி வந்தா அந்தாளு மாட்ட விட்டா சுடுவாங்களா?”

“லட்சுமி, எல்லைக்கல்ல வேணும்னா ஓரடி நம்ம பக்கம் தள்ளிப் போட்டுக்கச் சொல்லு.”

“எனக்குக் கல்லு வேணாம். குழல் வேணும்.”

அதற்குப் பதிலாக மாதையன் என்ன சொல்ல வந்தாரோ, லட்சுமிக்கு இந்தப் பேச்சு சலித்துவிட்டது. கயிற்றை ஒரு வெட்டு வெட்டி உருவிக்கொண்டு, முருங்கை மரத்தடிக்குப் போய், தாழ இருந்த கிளையைக் கடித்து இழுத்தது. மாடும் மரமும் தங்களுக்குள் ஒரு வேலையில் இறங்கிவிட்டன. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் இல்லை.

தீர்த்தகிரி பானையைச் சாய்த்தார்.

“தீர்த்தகிரி” என்றார் மாதையன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். “ஊத்தாதப்பா.”

பானை சாய்ந்தபடியே நின்றது. ஆவி மட்டும் புனலுக்குள் போய்வந்தது. தீர்த்தகிரி அவரைப் பார்த்தார். மாதையனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வரப்பின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது இது தெரிந்ததே இல்லை.

“இருவது நாளு” என்றார் தீர்த்தகிரி.

“ஒரு நாளு கூடக் கேக்க மாட்டன்.”

பானையைக் கீழே வைத்தார். மங்கம்மாள், “இத்தனை விறகு எரிச்சுக் கொதிக்க வெச்சது வீணாப் போவக்கூடாது” என்று தண்ணீரை விளாவி, எடுத்துக்கொண்டுபோய்க் குளித்துவிட்டாள்.

அந்த இருபது நாளும் தீர்த்தகிரி ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வதுபோலத் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டார். வித்தியாசம் என்னவென்றால், மருந்து கையில் இருந்தும் கொடுக்க முடியாத வைத்தியராக இருந்தார். எண்ணெய்ப் பாட்டிலை மங்கம்மாள் எடுத்து ஒளித்து வைத்திருந்தாள், அவர் கை தன்னையறியாமல் தடவிவிடும் என்று. காலையில் மாதையன் வந்துவிடுவார். மாடு இல்லாமல்.

“இன்னாய்யா, எப்படி இருக்குது?”

“நேத்தைக்கு இன்னைக்கு மோசம். உன் காயி?”

“நேத்தைக்கு இன்னைக்கு தேவலாம்.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று, ஒன்பது வருஷத்தில் பேசாமல் விட்டதையெல்லாம் பேசினார்கள். அது ஒன்றும் அவ்வளவு நிறைய இல்லை. பன்னிரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு புதிதாகப் பேச ஆரம்பித்தார்கள்.

இதற்குள் செய்தி பரவி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் துப்பாக்கி வைத்திருந்த ஆறு பேர் தங்கள் கொல்லைமேல் வானத்தைப் பார்த்துச் சுட்டு, கழுவாமல் மூலையில் சாத்தி வைத்துக் காத்திருந்தார்கள். புகை அஞ்சு நிமிஷத்தில் கலைந்தது. துப்பாக்கிகள் மட்டும் சொன்னபடி துருப்பிடித்தன. அவர்களில் ஒருவர் வந்து இதென்ன நியாயம் என்று கேட்டதற்கு மங்கம்மாள்தான் பதில் சொன்னாள்.

“உங்க துப்பாக்கிய என்னைக்குய்யா ஒழுங்காக் கழுவுனீங்க, புகை நம்பி நிக்கறதுக்கு? இந்தாளு கழுவுவாருன்னு அதுக்குத் தெரியும். அதான் நிக்குது.”

இதைவிட நல்ல விளக்கம் இதுவரை யாரும் சொல்லவில்லை. ஜெசிந்தா மேடம் இதையும் ‘இதர’வில் எழுதிக்கொண்டார்.

ஆனி இருபத்தொன்றாம் தேதி காலையில் மாதையன் கொல்லையில் தக்காளி பறித்து முடித்தார்கள். பறித்த கூடையை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் நேராக வந்து, “தீர்த்தகிரி, ஊத்து” என்றார். அவருக்குப் பின்னால் தெருவில் ஒரு வரிசை நின்றது. முப்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு பாத்திரம் வெந்நீர். பானை, குண்டான், பிரஷர் குக்கர், ஒருவர் கல்யாண அண்டாவையே இரண்டு பேர் பிடிக்கக் கொண்டுவந்திருந்தார். நிழலில் படுத்த கணக்கு எல்லோருக்கும் மனசில் இருந்தது.

துப்பாக்கியைக் கழுவ முப்பத்தெட்டு வெந்நீர் வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் தீர்த்தகிரி மனசு நிறைந்துபோய், நிறைந்த மனசோடு ஒவ்வொரு பாத்திரத்திலும் விரலை வைத்துப் பார்த்து, பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார்.

“இது குளிக்கற வெந்நி. எனக்குக் கழுவற வெந்நி வேணும். போய்க் கொதிக்க வெச்சுக் கொண்டா.”

“நன்றி கெட்ட மனுசன்” என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள், மறுபடி கொதிக்க வைக்க.

வரப்பின்மேல், முதலில் சுட்ட அதே இடத்தில் மணை போட்டு, குழலைச் சாய்த்துப் பிடித்து, முதல் தண்ணீரை ஊற்றினார். பின்மூக்கு அடைத்திருந்தது, ஊசியால் குத்தினார். உள்ளே ஏதோ இருமியது. அதன் பிறகு மூன்றரை மாதத்துக் கறுப்பு மொத்தமாகக் கொட்டியது. அதே சமயம் தலைக்கு மேலே புகை ஒரு தடவை குலுங்கி, பெரிய பெரிய துளியாகப் பெய்ய ஆரம்பித்தது.

இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். கறுப்பு போய்ச் செம்மண் நிறம் வந்தது. துரு. நான்கு, ஐந்து, எட்டு. செம்மண் நிறம் மாறவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புகை பெய்தது, குடித்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்கிறதுபோலப் பெய்தது. பாத்திகளில் ஓடி, வரப்பில் வழிந்து, மாதையனின் வற்றிய கிணற்றுக்குள் சலசலவென்று இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் நனைந்தார்கள், பாத்திரத்தைத் தட்டால் மூடிக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டாவது பாத்திரத்துக்குப் பிறகும் சிவப்பாகவே வந்தபோது தீர்த்தகிரி ஊற்றுவதை நிறுத்தினார்.

“ஊத்து” என்றார் மாதையன். புனலை அவர் பிடித்துக்கொண்டார்.

இருபத்தொன்றாவது பாத்திரத்தில் நிறம் வெளுத்தது. இருபத்தேழாவது உள்ளே போன நிறத்திலேயே திரும்பி வந்தது. தீர்த்தகிரி அதை நம்பாமல் இன்னும் இரண்டு ஊற்றினார். மிச்சம் ஒன்பது பாத்திரக்காரர்கள் வந்ததற்கு என்ன செய்வது என்று தங்கள் வெந்நீரை அங்கேயே தலையில் ஊற்றிக் குளித்தார்கள்; தீபாவளி வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது.

சதுரத் துணியை விட்டுத் துடைத்தார். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, பின்பக்கத்து அடைப்புத் திருகாணியையும் எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். குழலுக்குள் அம்மை போட்ட முகம்போலக் குழிக்குழியாகத் தழும்பு. ஓட்டை எதுவும் இல்லை. அந்தக் கோடியில் எட்டணா அளவில் வட்டமாக வானம் தெரிந்தது. அதில் புகையின் கடைசித் துண்டு மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்து, வெளியே போனது.

“போயிட்டு வா” என்றார் தீர்த்தகிரி, குழலுக்குள்.

மறுநாள் தாலுகா ஆபீஸில் ஆய்வு செய்த அதிகாரி கைக்குட்டை அளவு வெள்ளைத்துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. அதை முகர்ந்து பார்த்து, மழை வாசனை அடிக்கவே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்; மழை எதுவும் இல்லை. ‘குழலில் தழும்பு உண்டு, வேலைக்கு ஆகும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் கடலை முற்றுகிற நேரத்தில் பன்றிகள், புகை இல்லை என்று தெரிந்துகொண்டு வந்தன. தீர்த்தகிரி ஒரு வெடி சுட்டார். பன்றிகள் ஓடின. வெள்ளைப் புகை தலையணைபோலப் பிதுங்கி வெளியே வந்து வரப்புக்கு மேலே நின்றது. சத்தம் கேட்டு மாதையன் தன் கொல்லையிலிருந்து தூக்குச் சட்டியில் டீயோடு வந்தார். லட்சுமியும் பின்னாலேயே வந்து, பழைய இடத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

“இன்னாய்யா உக்காந்துட்ட? போய்க் கழுவு. கரி இரும்பத் தின்னுடப் போவுது” என்றார் மாதையன்.

தீர்த்தகிரி துப்பாக்கியை மடியில் சாய்த்துக்கொண்டு டம்ளரை நீட்டினார்.

“ஊத்துய்யா. புகையும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவட்டும்.”